ராப் எழுதும் பையனுக்கு என்ன புத்தகம் வாங்கித் தரலாம்?

செந்தூல் அத்தை, கோலாலம்பூர்

வணக்கம். என் தம்பி மகனுக்காகக் கேட்கிறேன். பதினாறு வயது, படிவம் நான்கு. தம்பி ஜொகூர் வரைக்கும் லோரி ஓட்டுகிறான். அதனால் திங்கள் முதல் வெள்ளி வரை பையன் என்னோடும் என் அம்மாவோடும்தான் செந்தூல் அடுக்குமாடியில் இருக்கிறான்.

போன மாதம் கணக்கு நோட்டில் வீட்டார் கையெழுத்து வாங்கி வரச் சொல்லியிருந்தார்கள். புரட்டிப் பார்த்தால் முன்பக்கத்திலிருந்து கணக்கு, பின்பக்கத்திலிருந்து ராப். இரண்டும் நடுவில் வந்து முட்டுகிற அளவுக்கு எழுதி வைத்திருக்கிறான். எண்ணிப் பார்த்தேன், முப்பத்தெட்டுப் பக்கம். தமிழும் மலாயும் கலந்த பாட்டு. ஓரிடத்தில் இப்படி இருந்தது:

லிஃப்ட்டு நின்னுபோச்சு, பாட்டி முட்டி தேஞ்சுபோச்சு
பதினாலு மாடி ஏறி மூச்சு பாதியாச்சு

எங்கள் லிஃப்ட் இரண்டு வாரம் வேலை செய்யாமல் கிடந்தது உண்மை. அம்மா காய்கறிப் பையோடு மாடிக்கு மாடி நின்று நின்று ஏறியதும் உண்மை. அதை இவன் கவனித்துக்கொண்டிருந்தான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான் படித்ததைச் சொன்னதும் நோட்டைப் பிடுங்கிக்கொண்டு அறைக்குள் போய்விட்டான். மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் இரவு அவனாகவே வந்து ஒரு காதுக்கருவியை என் காதில் வைத்து, இன்னொன்றைத் தன் காதில் வைத்துக்கொண்டு, "இதக் கேளுங்க அத்தை" என்றான். அமெரிக்கப் பாட்டு. எனக்கு ஒரு வரியும் பிடிபடவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டே முழுவதும் கேட்டேன்.

இவன் பாடப்புத்தகம் தவிர எதையும் தொடாத பிள்ளை. ராப் பாடகர்களின் வாழ்க்கையைப் பற்றிய புத்தகம் என்றால் தொடுவான் என்று நினைத்து ஒன்று வாங்கினேன். யார் யாரைச் சுட்டார், யாருக்கும் யாருக்கும் பகை, கடைசியில் எத்தனை குண்டு பாய்ந்தது, இதுதான் புத்தகம் முழுக்க. அந்த ஆள் எப்படிப் பாட்டுக் கட்டினார் என்று இரண்டு பக்கம்கூட இல்லை. பையன் சாவு வரும் இடத்தை மட்டும் ஓர் இரவில் படித்துவிட்டு மூடி வைத்துவிட்டான்.

எனக்கு வேண்டியது வேறு. அவர்கள் எங்கே வளர்ந்தார்கள், வீட்டில் என்ன இருந்தது, முதல் வரியை எதில் எழுதினார்கள், இசையை எந்தக் கருவியில் செய்தார்கள். அவன் மலாய் சரளமாகப் படிப்பான், ஆங்கிலம் மெதுவாக. தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் படித்ததால் தமிழும் நன்றாக வரும். ஒரு 150 வெள்ளிக்குள் (ரிங்கிட்) இரண்டு மூன்று புத்தகம் சொல்லுங்கள்.


நள்ளிரவு ரயில், காஜாங்

அமெரிக்க ராப் பாடகர் ஜே-இசட் எழுதிய 'டீகோடட்', அக்கா. 2010இல் வந்தது. தன் பாட்டு வரிகளை ஒரு பக்கம் போட்டு, பக்கத்திலேயே அடிக்குறிப்பாக இந்தச் சொல்லுக்கு இரண்டு அர்த்தம், இந்த வரி இந்தத் தெருவைக் குறிக்கிறது என்று அவரே விளக்குவார். நம் ஊரில் செய்யுளுக்கு உரை எழுதுவார்களே, அந்த மாதிரி.

அதில் ஆரம்பத்தில் ஒரு காட்சி வரும். 1978 கோடைக்காலம், தனக்கு ஒன்பது வயது என்கிறார். புரூக்ளினில் மார்சி ஹவுசஸ் என்ற அரசாங்கக் குடியிருப்பில் பிள்ளைகள் வட்டமாக நிற்கிறார்கள். நடுவில் ஒரு பையன் நிறுத்தாமல் எதுகை போட்டுப் பாடிக்கொண்டே இருக்கிறான். இவர் முதலில் வட்டத்தைத்தான் பார்க்கிறார், பையனை அப்புறம்தான் பார்க்கிறார். வீட்டுக்குப் போய் எழுத ஆரம்பிக்கிறார்.

பின்னாளில் அவர் தாளில் எழுதாமல் மனத்திலேயே பாட்டைக் கட்டிப் பதிவு செய்கிறவர் என்று பெயர் வாங்கினார். பிள்ளைகள் அதைக் கேள்விப்பட்டுவிட்டு எழுதாமல் பாடுவதுதான் திறமை என்று நினைத்துக்கொள்கிறார்கள். அவர் நோட்டு நோட்டாக எழுதித் தள்ளிய பிறகுதான் அந்த இடத்துக்கு வந்தார். உங்கள் பையனின் முப்பத்தெட்டுப் பக்கத்தைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.


பழைய கேசட், பட்டர்வொர்த்

சகோதரி, உங்கள் கேள்வியை நேற்று இரவு வேலைக்குப் போகும் முன் படித்தேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் விடிய விடிய இதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பத்தொன்பது வயதில் பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு கேசட் கடையில் வேலை. 1998ஆம் ஆண்டு. வாசலில் இரண்டு பெரிய ஒலிபெருக்கி, காலையில் பக்திப் பாட்டு, பத்து மணிக்கு மேல் சினிமாப் பாட்டு. அந்த வருடம் மலேசிய ராப் குழுவான போயட்டிக் அம்மோ நால்வரின் முதல் இசைத்தொகுப்பு வந்தது. ஆங்கிலம், மலாய், தமிழ், கண்டனீஸ் என்று ஒரே கேசட்டில் கேட்டேன். அவர்களில் ஒருவரான யோகி பி தமிழில் ஆரம்பித்தபோது நான் கையிலிருந்த விலைச்சீட்டைக் கீழே வைத்துவிட்டேன். அதற்கு முன் ராப் என்றால் எனக்கு அது வேறு யாருடைய பேச்சோ. அன்றைக்கு என் பக்கத்து வீட்டுக்காரன் பேசுகிற தமிழ் ஒலிபெருக்கியில் வந்தது. கடை முதலாளி "என்னப்பா இது, பாடுறானா சண்டை போடுறானா" என்று கேட்டார். நான் திரும்பவும் முதலிலிருந்து போட்டேன்.

அன்று முதல் இந்த மாதிரிப் புத்தகங்களைத் தேடிப் படிக்கிறேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேலாகிறது. நீங்கள் வாங்கிய மாதிரிப் புத்தகங்கள் என்னிடமும் ஏழெட்டு இருக்கின்றன. ஒருவர் இறந்த ஆறாவது மாதம் பத்திரிகைச் செய்திகளை ஒட்டிச் செய்த புத்தகங்கள். அவற்றை வாங்காதீர்கள். நான் ஒரு புத்தகத்தைக் கடையில் எடுத்தால் முதலில் பார்ப்பது ஒன்றுதான்: பாட்டுச் செய்கிற கை எங்காவது தெரிகிறதா? நோட்டு, இசைத்தட்டு, மெஷின், ஒத்திகை பார்த்த அறை. அவை வருகிற பக்கங்கள் கனமாக இருந்தால் வாங்குவேன்.

முதல் புத்தகமாக அமெரிக்க ராப் பாடகர் டூபாக் ஷகூரின் கவிதைகளைக் கொடுங்கள். 'தி ரோஸ் தட் க்ரூ ஃப்ரம் கான்கிரீட்'. 1999இல், அவர் இறந்து மூன்று வருடம் கழித்து வந்தது. ஆனால் கவிதைகள் 1989 முதல் 1991 வரை, பதினெட்டு இருபது வயதில், பெயர் வருவதற்கு முன்பு எழுதியவை. மெல்லிய புத்தகம், எளிய ஆங்கிலம், பாதிக் கவிதைகள் ஒரு பக்கத்தைத் தாண்டாது. மெதுவாகப் படிக்கிறவனுக்கு அதைவிட நல்லது இல்லை. ஒரு பக்கம் அவர் கையெழுத்து அப்படியே, எதிர்ப்பக்கம் அச்சில். அடித்துத் திருத்திய இடமெல்லாம் தெரியும். 'நான்' என்பதற்கு ஆங்கிலத்தில் வரும் எழுத்துக்குப் பதிலாக ஒரு கண் வரைந்திருப்பார், 'டு' என்ற சொல்லுக்கு 2 என்று எண்ணைப் போட்டிருப்பார். கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிற பிள்ளை அந்தக் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்.

டூபாக்கைப் பற்றி நம் பிள்ளைகளுக்குத் தெரிந்ததெல்லாம் 1996 செப்டம்பரில் இருபத்தைந்து வயதில் சுடப்பட்டு இறந்தார் என்பது. பால்டிமோர் கலைப்பள்ளியில் நடிப்பும் பாலே நடனமும் படித்தவர், ஷேக்ஸ்பியரை விரும்பிப் படித்தவர் என்பதை யாரும் சொல்வதில்லை. உங்கள் பையனுக்கு நீங்கள் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஜெஃப் சாங் எழுதிய 'கான்ட் ஸ்டாப் வோன்ட் ஸ்டாப்'. 2005இல் வந்தது, தடித்த புத்தகம். அதையே டேவி டி என்பவரோடு சேர்ந்து இளையோருக்காகச் சுருக்கி 2021இல் வெளியிட்டார்கள். பையனுக்குச் சுருக்கப் பதிப்பை வாங்குங்கள். முடிந்தால் பெரிய புத்தகத்தை நீங்கள் படியுங்கள்.

இந்தப் புத்தகம் பாட்டில் ஆரம்பிக்காது. ஆரம்ப அத்தியாயத்திலேயே ஒரு சாலை வரும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் வட்டாரத்தை நடுவில் பிளந்துகொண்டு போகும் கிராஸ் பிராங்க்ஸ் விரைவுச்சாலை. ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி போட்ட திட்டம், 1948இல் தொடங்கி 1972 வரை கட்டினார்கள். ஆயிரக்கணக்கான குடும்பங்களின் வீடு போயிற்று. முடிந்தவர்கள் வேறு ஊருக்குப் போனார்கள், முடியாதவர்கள் அங்கேயே கிடந்தார்கள். கட்டடங்கள் எரிந்தன. பையன்கள் கும்பல் கும்பலாகச் சேர்ந்தார்கள். 1971 டிசம்பரில் சமாதானம் பேசப் போன பிளாக் பெஞ்சி என்ற இளைஞரை அடித்தே கொன்றார்கள். அவருடைய கூட்டத்தார் பழிவாங்கக் கிளம்பாமல் எல்லாக் கும்பல் தலைவர்களையும் ஓர் அறையில் கூட்டி உடன்பாடு செய்தார்கள். அதற்கப்புறம்தான் ஒரு தெருப் பையன் அடுத்த தெருவில் நடக்கும் பாட்டுக் கச்சேரிக்குப் பயமில்லாமல் போக முடிந்தது.

நான் இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் வேறெதையும் படிக்கவில்லை. என் அம்மா கூலிம் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர், அதாவது பாலெடுக்க மரப்பட்டையைக் கீறுகிற வேலை. தோட்டத்தை விற்றார்கள். லயத்து வீட்டை, அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டைக் காலி செய்யச் சொன்னார்கள். கோயில், பந்து விளையாடிய திடல், தமிழ்ப்பள்ளி, துணி துவைத்த ஆறு எல்லாம் அங்கே. நாங்கள் பிறை என்ற ஊரில் அடுக்குமாடியில் ஐந்தாவது மாடியில். என் அண்ணன் வயதுப் பையன்கள் மாலையில் போக இடமில்லாமல் படிக்கட்டில் உட்கார்ந்தார்கள். அந்தப் படிக்கட்டிலிருந்து சிலர் எங்கே போனார்கள் என்று எழுத எனக்கு மனமில்லை. பிராங்க்ஸும் பிறையும் ஒன்றல்ல, அது எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சாலையைப் பற்றிய பக்கங்களை நான் அம்மாவுக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன். "அங்கயும் அப்படித்தானா" என்று கேட்டார்.

பாட்டு பிறக்கும் இடமும் அதில் வருகிறது. 1973 ஆகஸ்ட் 11, செட்ஜ்விக் அவென்யூ 1520ஆம் எண் கட்டடத்தின் பொது அறை. சிண்டி கேம்பல் என்ற பெண் பள்ளி திறப்பதற்கு முன் புதுத்துணி வாங்கப் பணம் வேண்டும் என்று ஒரு விருந்து வைக்கிறார். பெண்களுக்கு 25 காசு, ஆண்களுக்கு 50 காசு. அண்ணன் கிளைவ்தான் பாட்டுப் போடுகிறார், டிஜே கூல் ஹெர்க் என்ற பெயரில். ஜமைக்காவிலிருந்து வந்த குடும்பம். ஆடுகிறவர்கள் எதற்காகக் காத்திருக்கிறார்கள் என்று ஹெர்க் கவனித்தார். பாட்டு நின்று தாளம் மட்டும் ஒலிக்கும் சில நொடிகளுக்காகத்தான். அதனால் ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதி வாங்கினார். ஒன்றில் அந்த இடம் முடியும்போது இன்னொன்றில் அதே இடத்தைத் தொடங்கினார். இப்படி மாற்றி மாற்றிச் சில நொடியைப் பல நிமிடமாக நீட்டினார். ஹிப்ஹாப் இசையின் வேர் இதுதான்.

உங்கள் பையனுக்கு இதைத் தமிழில் காட்டுவது சுலபம். 1980இல் வந்த 'நிழல்கள்' படத்தில் இளையராஜா இசையில் வாலி எழுதி எஸ்.பி.பி. பாடிய 'மடை திறந்து' பாட்டை முதலில் போடுங்கள். அடுத்து 2006இல் யோகி பியும் நட்சத்ராவும் 'வல்லவன்' தொகுப்பில் செய்த 'மடை திறந்து'. பழைய பாட்டில் எதை எடுத்தார்கள், எதை விட்டார்கள், எங்கே புது வரி நுழைகிறது என்று பென்சிலால் எழுதச் சொல்லுங்கள். என் மகளுக்கு நான் அப்படித்தான் ஆரம்பித்தேன்.

மூன்றாவது, டேன் சார்னஸ் எழுதிய 'டில்லா டைம்', 2022. இது கொஞ்சம் கடினம், அடுத்த வருடத்துக்கு வைத்துக்கொள்ளலாம். ஆனால் நான் அதிகம் நேசிக்கும் புத்தகம் இதுதான். ஜே டில்லா டெட்ராய்ட்டுக்காரர். பாடியதைவிட மற்றவர்களுக்கு இசை செய்து கொடுத்ததே அதிகம். எம்பிசி 3000 என்ற மெஷினில் விரலால் தட்டித் தாளம் செய்வார். அந்த மெஷின் இன்று வாஷிங்டனில் ஆப்பிரிக்க அமெரிக்கர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அவர் தாளத்தைக் கேட்டால் யாரோ தடுமாறி நடக்கிற மாதிரி இருக்கும், ஆனால் விழமாட்டார்கள். அது எப்படி என்று விளக்கத்தான் இந்தப் புத்தகம். கட்டம் போட்ட படங்களை வைத்து ஒவ்வோர் அடியும் எங்கே விழுகிறது என்று காட்டுகிறார். நம் கணக்கில் சொன்னால், ஒரு கை நான்கு நான்காக எண்ணும் சதுஸ்ரத்தில் போகிறது, இன்னொரு கை மூன்று மூன்றாக எண்ணும் திஸ்ரத்தின் பக்கம் சாய்கிறது, இரண்டும் ஒரே நேரத்தில். மெஷினில் அடிகளைத் தானாக நேர்படுத்தும் வசதி உண்டு. டில்லா வேண்டிய இடத்தில் அதை விட்டுவிட்டார், சில அடிகளை மயிரிழை முன்னாலும் பின்னாலும் தள்ளினார்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் வழியில் உறுமி மேளக் குழுவின் பின்னால் நடந்திருக்கிறீர்களா? நல்ல உறுமிக்காரர் வளைந்த குச்சியால் இழுக்கும்போது அடி ஒரு கணம் தாமதமாக வந்து விழும். காவடி எடுத்தவரின் கால் அந்தத் தாமதத்தில்தான் ஆடும். டில்லாவை முதலில் கேட்டபோது எனக்கு அந்த இழுப்புதான் காதில் விழுந்தது. புத்தகத்தைப் படித்தபோது என் காதுக்குத் தெரிந்ததற்குக் கணக்கு கிடைத்தது.

அவர் 2006 பிப்ரவரி 10இல் இறந்தார், ரத்த நோயும் லூபஸும். அவர் இருந்தபோதே வெளியான கடைசித் தொகுப்பு 'டோனட்ஸ்' பிப்ரவரி 7இல் வந்தது, அன்று அவருக்கு முப்பத்திரண்டாவது பிறந்தநாள். மருத்துவமனைப் படுக்கையிலும் வேலை செய்தார். விரல்கள் வீங்கிப்போகும்போது அம்மா பிடித்துவிடுவார், வலி குறைந்ததும் மறுபடி தட்டுவார். சகோதரி, நீங்கள் வாங்கிய புத்தகத்திலும் சாவு இருந்தது, இதிலும் இருக்கிறது. இதைப் படித்து முடித்த எனக்கு அந்த விரல்கள்தான் நினைவில் நிற்கின்றன.

பினாங்கில் சௌராஸ்தா சந்தை மாடியில் பழைய புத்தகக் கடைகள் உண்டு. டூபாக் கவிதையை அங்கேதான் 18 வெள்ளிக்கு எடுத்தேன். புதிதாக வேண்டுமென்றால் கேஎல்சிசி கினோகுனியா புத்தகக் கடையில் இசைப் பிரிவில் கேளுங்கள். இல்லையென்றால் தருவித்துக் கொடுப்பார்கள்.


ஓய்வுபெற்ற ஆசிரியர், கெப்போங்

முப்பத்திரண்டு ஆண்டு தமிழ்ப்பள்ளியில் பணியாற்றியவன். ஒரு கவலையைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பாட்டுகளில் வரும் கெட்ட வார்த்தைகள் என் காதுக்குப் பழகவில்லை. பதினாறு வயதுப் பிள்ளை கையில் கொடுக்கும் முன் பெரியவர்கள் ஒருமுறை படித்துவிட வேண்டும்.

ஆனால் அந்த இரண்டு வரியைப் பார்த்தேன். நின்னுபோச்சு, தேஞ்சுபோச்சு, பாதியாச்சு. அடி முடிவில் ஒலி ஒத்து வருவது இயைபு. பதினாலு, பாதி என்று ஓரடிக்குள் முதலெழுத்து ஒத்து வருவது மோனை. பையனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமலே வருகிறது. இனி எதுகையைக் கற்றுக்கொடுங்கள், அதாவது இரண்டாம் எழுத்து ஒத்து வருவது. ஆங்கில ராப்பில் ஒலி பெரும்பாலும் சொல்லின் கடைசியில் ஒத்துவரும். தமிழில் சொல்லின் தொடக்கத்திலேயே ஒத்துவரச் செய்யலாம். தமிழில் எழுதுகிறவனுக்கு அது பெரிய வசதி.

புத்தகம் கேட்டீர்கள். அருணகிரிநாதரின் திருப்புகழ் ஒரு பிரதி வாங்கி வையுங்கள். பொருள் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 'முத்தைத்தரு பத்தித் திருநகை' என்று முதலில் வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். மூச்சை எங்கே எடுப்பது, எங்கே அடக்குவது என்று அந்தச் சந்தமே கற்றுக்கொடுக்கும். அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச்சிந்தும் அப்படியே. நான் வகுப்பில் மேசையைத் தட்டச் சொல்லித்தான் நடத்துவேன். கடைசி வரிசைப் பையன்கள்தான் முதலில் மனப்பாடம் செய்வார்கள்.


மழைத்துளி, ஜெலுத்தோங்

பழைய கேசட் அண்ணா, எல்லாம் சரி, ஆனால் உங்கள் மூன்று புத்தகமும் ஆண்கள் எழுதியவைதான். நான் சிண்டி கேம்பலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அந்த விருந்தை யோசித்ததும் நடத்தியதும் அவர். ஆனாலும் எங்கே பார்த்தாலும் அண்ணன் பெயர்தான் முதலில் வருகிறது. 1979இல் 'ராப்பர்ஸ் டிலைட்' பாட்டைப் பதிவு செய்து உலகம் முழுக்கக் கொண்டுபோன ஷுகர் ஹில் நிறுவனத்தை நடத்தியவர் சில்வியா ராபின்சன், அவரும் பெண். ராக்சான் ஷான்டே 1984இல் ஒரு பாட்டுக்குப் பதில் பாட்டுப் பாடி ஊரையே திரும்பிப் பார்க்க வைத்தபோது அவருக்கு வயது பதினான்கு. உங்கள் பையனைவிடச் சின்னவர், அக்கா.

ஜோன் மார்கன் எழுதிய 'ஷீ பிகேட் திஸ்' வாங்குங்கள். 2018இல் வந்தது. பாடகி லாரன் ஹில் 1998இல் வெளியிட்ட ஒரே ஒரு தொகுப்பைப் பற்றிய சிறிய புத்தகம். அந்தத் தொகுப்பால்தான் அடுத்த வருடம் அவர் ஐந்து கிராமி விருது வாங்கினார். சிறந்த தொகுப்புக்கான விருதை ஹிப்ஹாப் முதன்முதலாக வாங்கியதும் அதில்தான். புத்தகம் லாரன் ஹில்லைத் தெய்வமாக்கவில்லை. அவரை நேசிக்கிறவர்கள் ஒன்றாக உட்கார்ந்து அவரைப் பற்றி வாக்குவாதம் செய்கிற மாதிரி இருக்கும். எனக்கு அதுதான் பிடித்தது.

நானும் எழுதுகிறேன், பாடுகிறேன். இரண்டு வருடம் முன்பு ஒரு மேடையில் என் பெயரைக் கூப்பிட மறந்துவிட்டு, எல்லாரும் இறங்கிய பிறகு மைக்கைக் கொடுத்தார்கள். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்களுக்கு முன்னால் பாடினேன். முழுப் பாட்டையும் பாடினேன். உங்கள் பையன் படிக்கும் புத்தகத்தில் பெண்களும் இருந்தால் நாளைக்கு அவன் நடத்தும் மேடையில் பெயர் விடுபடாது.


பழைய கேசட், பட்டர்வொர்த்

மழைத்துளி, நீ சொல்வது சரிதான் தங்கச்சி. சிண்டியின் பெயரை நானே முதலில் எழுதினேன், ஆனால் கதையை அண்ணனிடம் கொடுத்துவிட்டேன். 'ஷீ பிகேட் திஸ்' என் மகளுக்கு வாங்குகிறேன்.

ஐயா, திருப்புகழைச் சொன்னீர்களே, அதற்கு என் நன்றி. கெட்ட வார்த்தை விஷயத்தில் உங்கள் கவலை எனக்கும் உண்டு. டூபாக் கவிதைத் தொகுப்பில் அந்தச் சிக்கல் இல்லை. ஜெஃப் சாங்கின் சுருக்கப் பதிப்பும் பிள்ளைகளுக்காகவே செய்தது. 'டீகோடட்' மட்டும் பெரியவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து படிக்க வேண்டியது. என் வீட்டில் ஒரு வழக்கம்: அந்தச் சொல் வந்தால் தாண்டிப் போகமாட்டோம், யார் யாரைப் பார்த்து எதற்காக அப்படிச் சொல்கிறார் என்று பேசுவோம். பேசிவிட்டால் பிள்ளைகள் அதை வீட்டில் சொல்வதில்லை.

சகோதரி, பையனுக்கு ஆங்கிலம் மெதுவாக வரும் என்றால் வூ-டாங் கிளான் என்ற ராப் குழுவின் ஆர்இசட்ஏ எழுதிய 'தி வூ-டாங் மேனுவல்' நல்லது. 2005இல் வந்தது. சிறு சிறு பகுதிகளாக இருக்கும், எங்கே திறந்தும் படிக்கலாம். அந்தக் குழுவின் முதல் தொகுப்பு 1993இல் வந்தது. பெயரே குங்ஃபூ படங்களிலிருந்து எடுத்ததுதான். நியூயார்க் டைம்ஸ் ஸ்குவேர் பக்கத்து மலிவுத் தியேட்டர்களில் அந்தப் படங்களைப் பார்த்து வளர்ந்தவர் ஆர்இசட்ஏ. அதே படங்களை என் அப்பா பினாங்கில் பார்த்தார், தோட்டத்திலிருந்து சம்பள நாளில் பஸ் பிடித்து வந்து. வாள் மோதும் சத்தத்தை எடுத்துப் பாட்டுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் உடனே கண்டுபிடித்துவிட்டார். படத்தின் கதையை அரை மணி நேரம் சொன்னார்.


செந்தூல் அத்தை, கோலாலம்பூர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். எல்லாருக்கும் நன்றி.

டூபாக் கவிதை கினோகுனியாவில் கிடைத்தது. ஜெஃப் சாங்கின் சுருக்கப் பதிப்பைத் தருவித்துக் கொடுத்தார்கள். திருப்புகழ் அம்மாவின் சாமி அலமாரியிலேயே இருந்தது, ஐயா. அட்டை போய்விட்டது, முதல் பக்கங்கள் பத்திரமாக இருக்கின்றன.

கவிதைப் புத்தகத்தை அவன் படிப்பதைவிட அதிகம் பார்த்துக்கொண்டிருந்தான். கையெழுத்தைத்தான். இரண்டாவது நாள் "இவரும் அடிச்சு அடிச்சுத்தான் எழுதியிருக்காரு அத்தை" என்றான். முன்பெல்லாம் தவறு வந்தால் பக்கத்தையே கிழித்துப் போடுவான். இப்போது கிழிப்பதில்லை. புதிதாக ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்தேன். கணக்கு அதில் கிடையாது.

'முத்தைத்தரு' சொல்லச் சொன்னேன். முதலில் சிரித்தான். அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே ஒரே மூச்சில் நான்கு அடி சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அவன் சிரிக்கவில்லை. தினமும் இரவு பாட்டியும் பேரனும் சாப்பாட்டு மேசையைத் தட்டிக்கொண்டிருக்கிறார்கள். கீழ்வீட்டு அம்மா வந்து கேட்டார், சமாதானம் சொல்லி அனுப்பினேன்.

அந்தச் சாலை வரும் அத்தியாயத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து படித்தோம். நான் ஒரு பத்தி, அவன் ஒரு பத்தி. தெரியாத சொல்லுக்கு மட்டும் நிறுத்தினோம். முடித்ததும் அம்மாவிடம் போய், "பாட்டி, நீங்க எந்தத் தோட்டம்? ஏன் வந்தீங்க?" என்று கேட்டான். பதினாறு வருடத்தில் அவன் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அம்மா இரண்டு மணி நேரம் பேசினார். காலை நான்கரை மணிக்குப் பிரட்டுக்கு, அதாவது ஆள் பெயர் கூப்பிடும் இடத்துக்குப் போனது, தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு மரம் வெட்டியது, மழை நாளில் சம்பளம் இல்லாதது, லயத்தில் பதினோராம் எண் வீடு. அவன் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டான். நேற்று நோட்டில் இப்படி ஒரு வரி இருந்தது. அவனே காட்டினான்:

லயத்துல பொறந்துச்சு எங்க பாட்டி சொல்லு
லயந்தவறாம வெட்டுனா ஒவ்வொரு பாலு

வீட்டு லயம், தாள லயம் இரண்டும் ஒன்றாக வந்துவிட்டன என்று நான் சொன்னதும் அவனுக்குத் தலைகால் புரியவில்லை. 'பாலு'தான் சரியாக உட்காரவில்லை என்று இன்று காலை அடித்துவிட்டு வேறு சொல் தேடிக்கொண்டிருக்கிறான்.

பழைய கேசட் அண்ணா, அடுத்த சனிக்கிழமை நானும் அவனும் கேஎல் சென்ட்ரலிலிருந்து காலை ரயிலில் பட்டர்வொர்த் வந்து, ஃபெர்ரியில் அந்தப் பக்கம் போகிறோம். சௌராஸ்தாவில் எந்தக் கடை என்று சொல்ல முடியுமா? 'டில்லா டைம்' புத்தகத்தை அடுத்த வருடத்துக்கு வைக்கச் சொன்னீர்கள். அவன் இப்போதே கேட்கிறான்.


பழைய கேசட், பட்டர்வொர்த்

தாராளமாக வாங்க சகோதரி. சந்தை மாடிப்படி ஏறினாலே புத்தகங்கள் அடுக்கி வைத்திருப்பது கண்ணில் படும். ஒரு கடையோடு நிறுத்தாதீர்கள், எல்லாவற்றிலும் அடுக்குகளின் அடியில் பாருங்கள். இசைப் புத்தகங்கள் பெரும்பாலும் சமையல் புத்தகங்களோடு கலந்து கிடக்கும்.

'டில்லா டைம்' வாங்க வேண்டாம். என் பிரதியைக் கொண்டுவருகிறேன், ஓரங்களில் பென்சிலால் தாளக் குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன், அதோடு படிக்கட்டும். வெள்ளி இரவு எனக்கு வேலை, காலை ஏழு மணிக்கு முடியும். ஃபெர்ரி முனையில் நிற்கிறேன். பையனை நோட்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள்.